கை காட்டினா வண்டி நிக்கும்னு நம்பி நாற்கரச் சாலையில இறங்குறாங்களே, ஏன்?

#1 கோணம்காரன்

இந்த மாதிரி இழையில பொதுவா "ஜனங்களுக்கு அறிவில்ல"ன்னு நாலு பேர் எழுதுவாங்க, "அரசாங்கம் சரியில்ல"ன்னு நாலு பேர் எழுதுவாங்க, அதோட இழை படுத்துரும். அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேணும். ஆபத்துன்னு தெரிஞ்ச இடத்துலயே நம்ம ஆளுங்க ஏன் ரோட்டைக் கடக்காங்க? தெரியாம இல்ல. கேட்டுப் பாருங்க, "இந்த இடத்துல ஒருவாடு பேர் அடிபட்டாச்சு"ன்னு அவங்களே சொல்லுவாங்க. சொல்லிக்கிட்டே அங்கதான் இறங்குவாங்க.

காவல்கிணறு – கன்னியாகுமரி நாற்கரச் சாலை ஓரத்துல ஒரு ஊர், பேர் வேண்டாம். நடு மீடியன்ல அரளி ஆள் உசரத்துக்கு வளர்ந்து நிக்குது. ஒரு இடத்துல மட்டும் செடி இல்ல. மண்ணு கால் பட்டுப் பட்டு கெட்டியாகி வழுவழுன்னு கிடக்கு. மீடியன் கட்டையில ஏறுறதுக்கு ஒரு பக்கம் ஹாலோ பிளாக் கல்லு, மறுபக்கம் மண்ணு நிரப்பின சிமெண்டு சாக்கு. கல்லு ஆடக்கூடாதுன்னு அடியில உடைஞ்ச ஓட்டுத்துண்டு சொருகியிருக்காங்க. வயசானவங்க கால் வைக்கிறதுக்காக யாரோ பார்த்துப் பார்த்து செஞ்ச வேலை. முறையான மீடியன் திறப்பு அங்க இருந்து அறுநூறு மீட்டராவது இருக்கும்.

அந்தக் கல்லைப் போட்டவரு முட்டாளா? அதுதான் என் கேள்வி.

#2 வேணாட்டுப்புலி

முட்டாள்தான். இதுல என்ன சந்தேகம்?

நம்ம கன்னியாகுமரி மாவட்டம் 2011 கணக்கெடுப்புல 91.75 சதவீதம் எழுத்தறிவு, தமிழ்நாட்டுலயே முதல் மாவட்டம்னு மேடைக்கு மேடை பேசுறோம். ரோட்டைக் கடக்கப் போட்ட வெள்ளைக் கோடு என்னத்துக்குன்னு தெரியாதா? குறுக்க ஓடுறவனுக்கு 500 ரூபா ஃபைன் போடுங்க. ஒரே வாரத்துல எல்லாவனும் கோட்டுல நடப்பான்.

#3 குளச்சல் காத்து

எல்லாம் போன். காதுல ஹெட்செட்டு. வேற ஒண்ணும் இல்ல.

#4 கோணம்காரன்

» எல்லாம் போன்

நான் சொன்ன இடத்துல கடக்கிறவங்க கையில புல்லுக்கட்டு, ரேஷன் பை, குடம். ஹெட்செட்டு மாட்டினவன் டவுன்ல இருக்கான், அவனைப் பத்தித் தனியா பேசலாம்.

#5 மருங்கூர் அக்கா

நான் ஜவுளிக்கடையில வேலை பார்க்கேன், தினமும் பஸ்ஸுதான். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுகேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கிடுங்க.

வேணாட்டுப்புலி தம்பி பைக்குல போறவருன்னு நினைக்கேன். பஸ்ஸுக்கு நிக்கிறவளுக்கு ரோடு வேற மாதிரி தெரியும் தம்பி. எங்க ஸ்டாப்புல நிழற்குடை கிடையாது. சாயங்காலம் வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும். எதிர்ப்பக்கம் ஒரு புளியமரமும் சாயாக்கடையும் உண்டு. அதனால எல்லாரும் எதிர்ப்பக்கம் நிப்போம். எங்க வண்டி வளவு (வளைவு) திரும்புறது கண்ணுல பட்டதும் மொத்தமா இந்தப் பக்கம் ஓடுவோம். வளவுல இருந்து ஸ்டாப்புக்கு வண்டி வர எவ்வளவு நேரமாகும்? அந்த நேரத்துல கோடு எங்க கிடக்குன்னு தேடிட்டு இருந்தா வண்டிக்க பின்னாடி லைட்டைத்தான் பார்க்கணும்.

அடுத்த வண்டி வரும்லா, அதுல போனா என்னன்னு கேப்பீங்க. வரும். 2021-ல இருந்து பொம்பளைங்க எங்களுக்குக் காசு இல்லாம போக முடியுறது சாதா கட்டண டவுன் பஸ்ஸுல மட்டும்தான். அடுத்து வர்றது அந்த வண்டியாத்தான் இருக்கணும்னு ஒண்ணுமில்ல. காசு குடுத்து ஏறினா அன்னைக்குச் சம்பளத்துல அது ஒரு கணக்கு. ஏறாம நின்னா, டியூஷன் முடிஞ்ச பிள்ளை பூட்டின வீட்டு வாசல்ல உக்காந்திருக்கும். இது ரெண்டையும் ஒரு தட்டுல வச்சு, ரோட்டை மறு தட்டுல வச்சுத்தான் ஓடுகோம். யோசிக்காம ஓடுகோம்னு யாரும் சொல்லாதீங்க.

நாற்கரச் சாலையில அடியில போக சப்வே இருக்குல்லான்னு சொல்லுவாங்க. சில இடத்துல இருக்கு, நான் இல்லன்னு சொல்லல்ல. மழை பெய்தா உள்ள தண்ணி கெட்டிக் கிடக்கும். ஏழு மணிக்கு மேல லைட்டு எரியாது. நாலு பேரு பாட்டிலும் கையுமா உக்காந்திருப்பானுவ. மேல போனா வண்டி இடிக்குமோன்னு பயம், கீழ போனா அது ஒரு பயம். தனியா வர்ற பொம்பளை எதை எடுப்பா? வெளிச்சம் இருக்கிற பக்கத்தைத்தான் எடுப்பா. அது தார் ரோடுதான்னா தார் ரோட்டுலதான் கடப்பா.

#6 ரிட்டயர்டு டிரைவர்

அக்கா சொன்னதுல ஒரு எழுத்து மாத்த வேண்டாம். இனி நான் சீட்டுல இருந்து பார்த்ததைச் சொல்லுகேன்.

பழைய 47-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை, இப்போ 66. நாகர்கோவில்ல இருந்து களியக்காவிளை வரைக்கும் ஒரே வளவும் திருப்பமும். வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம், மார்த்தாண்டம், குழித்துறை, எங்க பார்த்தாலும் ரோட்டை ஒட்டி வீடு. பாதி தூரம் மூணாவது கியர்தான். 40-க்கு மேல எவனும் போக முடியாது. ஓரத்துல நிக்கிறவ கையை லேசா உயர்த்துவா, என் முகத்தைப் பார்ப்பா. நான் தலையை ஆட்டுவேன், இல்லன்னா ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுப்பேன். என்ஜின் சத்தம் இறங்குறதை வச்சே அவளுக்கு வெளங்கிரும். இறங்கிக் கடந்துருவா. சிக்னலும் கோடும் இல்லாம இந்த மாவட்டம் அப்படித்தான் ரோடு கடந்துச்சு. எழுதி வைக்காத ஒப்பந்தம், ஆனா ரெண்டு பக்கமும் மதிச்சோம்.

அதே ஆளு இப்போ நாற்கரச் சாலையில நின்னு அதே மாதிரி கையைக் காட்டுகா. 90-ல வர்றவனுக்கு அவளுக்க முகம் தெரியிறதுக்குள்ள அவளைத் தாண்டிருவான். கண்ணாடி ஏத்தி ஏசி போட்டிருக்கான், அவனுக்க முகமும் அவளுக்குத் தெரியாது. தலையாட்ட ஆளே இல்லாத இடத்துல கையைக் காட்டி என்ன செய்ய? ஆனா அவளுக்க கைக்கு அந்தப் பழக்கம்தான் தெரியும். அம்பது வருசமா அது பலிச்ச பழக்கம். கோணம்காரன் தம்பி கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிஞ்ச பதில் இதுதான். ஆளுக மாறல்ல, ரோடு மாறிட்டு. மாறினதை அவங்களுக்கு யாரும் சொல்லவும் இல்ல.

இன்னொண்ணு, இது எல்லாரும் தெரிஞ்சுக்கிட வேண்டியது. பஸ்ஸுல இருந்து இறங்கி பஸ்ஸுக்க முன்னாடியே குறுக்க போறாங்க பாருங்க, அதுதான் ரொம்ப மோசம். பஸ் நிக்கிது, டிரைவர் பார்த்துட்டாரு, இனி பயமில்லன்னு போறாங்க. ஆனா பஸ்ஸை ஓவர்டேக் எடுக்கிறவனுக்கு முன்னாடி யாரு வாறான்னு தெரியவே தெரியாது. பஸ்ஸுக்க முன் முனையைத் தாண்டித் தலையை நீட்டுற நேரமும் அவன் வந்து சேர்ற நேரமும் ஒண்ணா இருக்கும். வண்டியை விட்டுருங்க. வண்டி போன பொறவு ரெண்டு பக்கமும் காலியாத் தெரியும், அப்போ போங்க. நான் எத்தனை பேர்கிட்ட கத்தியிருப்பேன்! "டிரைவருக்கு அவசரம், ஆளை விரட்டுகாரு"ன்னு ஏச்சு வாங்கினதுதான் மிச்சம்.

நாலு வழியிலயும் இதே கதை உண்டு. இடது லேன்காரன் இரக்கப்பட்டு நிறுத்துவான். அவளும் நம்பி நடப்பா. வலது லேன்ல வர்றவனுக்கு, நிக்கிற வண்டி மறைச்சு அவ தெரிய மாட்டா. ஒருத்தன் நின்னதாலயே ஆள் அடிபடுறது உண்டு.

#7 வேணாட்டுப்புலி

அப்போ யாரு மேலயும் தப்பில்ல, ரோடு மேல மட்டும்தான் தப்பு. கொள்ளாம் அண்ணாச்சி.

#8 சைட் இன்ஜினியர்

ஹைவே வேலையில இருந்திருக்கேன். கொஞ்சம் கணக்கு போடுறேன், சண்டைக்கு இல்ல.

நாற்கரச் சாலையில ஒரு பக்க தார் அகலம் சுமார் 7 மீட்டர். சிக்னல் வடிவமைக்கிறப்போ நடக்கிறவர் வேகம் நொடிக்கு 1.2 மீட்டர்னு எடுப்பாங்க. அப்படின்னா 7 மீட்டருக்கு 6 நொடி. 80 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடும், 6 நொடியில 130 மீட்டருக்கு மேல. வயசானவங்க 8 நொடி எடுப்பாங்க. எதிர்ல வர்ற கார் 100-ல வந்தா அந்த 8 நொடியில 220 மீட்டர். அதாவது இறங்குறப்போ 220 மீட்டருக்கு அந்தப்பக்கம் இருக்கிற காரைப் பார்த்து "இது எனக்கு ஆபத்து"ன்னு சொல்லத் தெரியணும். அந்தத் தூரத்துல கார் ஒரு புள்ளி. எழுபது வயசுக் கண்ணுக்கு அது 50-ல வருதா 100-ல வருதான்னு சொல்ல வழியே இல்ல. மனுசன் பொதுவா வண்டி எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பார்த்துத்தான் இறங்குவான். வேகத்தைப் பார்க்கிறது அதைவிட கஷ்டம், வயசாக ஆக இன்னும் கஷ்டம். பழைய ரோட்டுல தூரத்தை மட்டும் பார்த்தாலே போதும், எல்லாரும் ஏறக்குறைய ஒரே வேகம். டிரைவர் அண்ணாச்சி சொன்ன "ரோடு மாறிட்டு"க்கு இதுதான் கணக்கு.

வண்டிக்காரர் பக்கமும் பாருங்க. 80-ல வர்றவர் ஆளைப் பார்த்து, பிரேக்கில கால் வச்சு, வண்டி நிக்க காய்ஞ்ச ரோட்டுல 65, 70 மீட்டர் வேணும். இறக்கி வச்ச ஹெட்லைட்டு வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டாது. கறுப்புக் கரை சேலையில ராத்திரி கடக்கிறவங்களை அவர் பார்க்கிற இடமும் நிறுத்த முடியாத இடமும் ஒண்ணுதான். 40-ல வந்தா 25 மீட்டர்ல நிறுத்திருவார். நம்ம மாவட்டத்துல ரெண்டு பருவமழை வேற, நனைஞ்ச ரோட்டுக்கு இன்னும் கூட்டிக்கணும்.

இனி கோணம்காரன் சொன்ன அறுநூறு மீட்டர். போக 600, வர 600. நல்லா நடக்கிறவருக்கே பதினாறு, பதினேழு நிமிஷம். நேரா கடந்தா மீடியன்ல நின்னு போனாலும் ஒரு நிமிஷம் ஆகாது. தலையில புல்லுக்கட்டோட யாரு பதினேழு நிமிஷம் நடப்பா? நான் நடக்க மாட்டேன். மீடியன் திறப்பைக் குறைக்கிறதுக்கு ஒரு நியாயம் உண்டு, வண்டிக்கும் வண்டிக்கும் மோதல் குறையும். ஆனா அந்த வரைபடத்துல நடக்கிற ஆளை யாரும் போட்டுப் பார்க்கல்ல. நம்ம மாவட்டம் 2011 கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர், தமிழ்நாட்டுல சென்னைக்கு அடுத்த நெருக்கம். வேற ஜில்லாவுல ஊரைத் தாண்டினா பொட்டல், அங்க வேகமா ரோடு போடலாம். இங்க ஒரு ஊர் எங்க முடியுது, அடுத்தது எங்க தொடங்குதுன்னே தெரியாது. வயல் ஒரு பக்கம், வீடு மறு பக்கம். கோயில் ஒரு பக்கம், குளம் மறு பக்கம். எந்த இடத்துல ரோடு போட்டாலும் யாரோ ஒருத்தருடைய வாசலைத்தான் வெட்டிட்டுப் போகும்.

"நடை மேம்பாலம் கட்டலாமே"ன்னு அடுத்து கேப்பீங்க. அடியில 5.5 மீட்டர் உயரம் விடணும், பாலத்துடைய கனமும் சேர்த்தா 6 மீட்டர். 15 செ.மீ. படின்னா ஏற 40, இறங்க 40. 1965-ல வந்த ஓர் ஆய்வு ரொம்பப் பிரபலம்: மேம்பாலத்துல போற நேரமும் ரோட்டுல நேரா கடக்கிற நேரமும் சமமா இருந்தாலே 70 சதவீதம் பேர்தான் ஏறுறாங்க; மேம்பாலத்துக்கு ஒண்ணரை மடங்கு நேரம் ஆச்சுன்னா ஏறக்குறைய ஒருத்தரும் ஏறல்ல. அதுக்காக நம்ம ஊர்ல என்ன செய்வோம்? பாலத்துக்கு அடியில கம்பிவேலி போடுவோம். ஒரு மாசத்துல வேலியில ஆள் நுழையுற அளவுக்கு ஓட்டை விழும்.

#9 மலையோரம்

எல்லாம் சரி. கல்லும் மணலும் ஏத்தி கேரளாவுக்குப் போற டாரஸ் லாரியை நிறுத்தாம இதைப் பேசி என்ன பிரயோசனம்? குலசேகரம், அருமனை பக்கம் வந்து பாருங்க, ரோட்டோரம் நிக்கவே முடியாது. பாறை ஏத்தின வண்டி பள்ளத்துல இறங்குறப்போ மேல இருந்து ஜல்லி

[மீதி நெறியாளரால் நீக்கப்பட்டது]

#10 நெறியாளர்

கனிம லாரிக்குத் தனி இழை ஓடுது. அங்க எழுதுங்க. கட்சிப் பேரும் ஆள் பேரும் அங்கயும் வேண்டாம்.

#11 பள்ளிக்கூட மணி

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. இன்ஜினியர் சார் எழுபது வயசுக் கண்ணைச் சொன்னார், நான் ஏழு வயசுக் கண்ணைச் சொல்றேன்.

சின்னப் பிள்ளைகளுக்கு வேகமா வர்ற வண்டியோட வேகத்தைக் கணிக்கத் தெரியாது. அது கவனக்குறைவில்ல, அந்தத் திறமை இன்னும் வளரல்ல. வண்டி கண்ணுல பெருசாகிறதை வச்சுத்தான் "கிட்ட வருது"ன்னு மூளை சொல்லும். லாரி சீக்கிரமே பெருசாத் தெரிஞ்சிரும், பிள்ளை நிக்கும். பைக் கடைசி வரைக்கும் சின்னதாவே இருக்கும், பிள்ளை இறங்கிரும். பெரியவங்களுக்கும் இந்த மயக்கம் உண்டு, பிள்ளைகளுக்குக் கூடுதல். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வந்த பிறகு சத்தத்தை வச்சுப் பிடிக்கிறதும் போச்சு.

சாயங்காலம் மணி அடிச்சதும் கேட்டுல நின்னு பார்த்தா ஒண்ணு தெரியும். முதல்ல இறங்குற பிள்ளை ரோட்டைப் பார்க்கும். ரெண்டாவது கொஞ்சம் பார்க்கும். அஞ்சாவது, ஆறாவது பிள்ளைங்க முன்னாடி போற ஸ்கூல் பையைத்தான் பார்த்துக்கிட்டே ஓடும். முதல் பிள்ளை பார்த்த இடைவெளி அதுக்குள்ள முடிஞ்சிருக்கும். அதனால நாங்க வால் பக்கம்தான் ஆளை நிறுத்துவோம். பெரியவங்க கூட்டமா கடக்கிறப்போவும் கவனிங்க, கடைசியில வர்றவங்க தலை திரும்பவே திரும்பாது.

அப்புறம் "வலது, இடது, மறுபடி வலது"ன்னு பாட்டாவே சொல்லிக் குடுக்கிறோம். நாற்கரச் சாலையில மீடியன் திறப்பு தூரமா இருக்கிறதால பைக்காரங்க எதிர்த்திசையிலயே ஓரமா வர்றாங்க. பிள்ளை வலது பக்கம் பார்த்து இறங்குது, அடி இடது பக்கம் இருந்து விழுது. வேணாட்டுப்புலி சார், உங்க 500 ரூபாயை முதல்ல அங்க வசூல் பண்ணுங்க.

#12 குளச்சல் காத்து

டீச்சர் அடிச்ச அடி 😄

#13 வேணாட்டுப்புலி

எதிர்த்திசையில வர்றவனுக்கு 5,000 போடுங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல டீச்சர்.

ஆனா நீங்க எல்லாரும் நாற்கரச் சாலையையே பிடிச்சுத் தொங்குறீங்க. நாகர்கோவில் டவுனுக்கு வாங்க. மணிமேடை, வேப்பமூடு, செட்டிகுளம். அங்க 600 மீட்டர் கதை கிடையாது, 100-ல வர்ற காரும் கிடையாது. கோட்டுக்குப் பத்தடி தள்ளி காலேஜ் பையன் டிவைடர் தாண்டிக் குதிக்கான். அவனுக்குப் புல்லுக்கட்டும் இல்ல, டவுன் பஸ் கணக்கும் இல்ல. அதுக்கு என்ன சொல்லுவீங்க?

#14 சைட் இன்ஜினியர்

நல்ல கேள்வி. இந்த இழையில கஷ்டமான கேள்வியும் இதுதான்.

கோட்டுல நின்னா அவனுக்கு என்ன கிடைக்குது? 2017 ஓட்டுநர் விதிகள்படி கோட்டுல ஆள் இருந்தா வண்டிதான் நின்னு வழி விடணும். எத்தனை வண்டி நிக்குது? கோட்டுல இறங்கினாலும் அதே ஹாரன், பத்தடி தள்ளி இறங்கினாலும் அதே ஹாரன். ரெண்டு இடத்துலயும் பாதுகாப்பு ஒண்ணுதான்னா பக்கமா இருக்கிற இடத்துல கடப்பான். பல ஜங்ஷன்ல கோட்டு மேலதான் ஆட்டோவும் பைக்கும் நிக்கும், கோட்டுல நடக்கிறவன்தான் வளைஞ்சு போகணும்.

காத்திருக்கிற பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டு. 30 நொடிக்கு மேல நிக்க வச்சா நடக்கிறவர் பொறுமை இழந்து ரிஸ்க் எடுப்பார்னு போக்குவரத்துக் கையேடுகளே சொல்லுது. ஒவ்வொரு திசைக்கும் பச்சை விட்டு, கடைசியில நடக்கிறவனுக்கு வர்றதுக்குள்ள ரெண்டு நிமிஷம் ஆயிரும்.

பையன் குதிக்கிறதுல திமிரும் உண்டு, நான் இல்லன்னு சொல்லல்ல. கூட்டாளி நாலு பேர் பார்த்துக்கிட்டு நிக்கிறப்போ எந்தக் காலேஜ் பையன் கோட்டுல நடப்பான்?

#15 ஊன்றுகோல்

எனக்கு இளம்பிள்ளை வாதம், ஒரு கால்ல காலிப்பர் (தாங்கு கம்பி). நானும் கோட்டுல கடக்கிறதில்ல. காரணம் கேளுங்க. கோடு முடியுற இடத்துல நடைபாதை ஒரு அடி உசரம். ரோட்டுக்குத் தரம் வகுக்கிற இந்திய சாலை காங்கிரஸ் அமைப்போட கையேட்டுல 15 செ.மீ.க்கு மேல கூடாதுன்னு இருக்கு, இங்க அளந்து பார்த்தவன் இல்ல. அந்த உசரத்துல என்னால கால் வைக்க முடியாது. ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் தன் கடைக்கு சாமான் வண்டி ஏத்த சிமெண்டுல சரிவு போட்டிருக்கார். அந்தச் சரிவுக்கு நேர் எதிர்லயும் ஒரு கடையில சரிவு இருக்கு. அந்த ரெண்டு சரிவுக்கும் நடுவுலதான் நான் கடக்கேன். பார்க்கிறவங்களுக்கு நான் ரோட்டு நடுவுல தோணின இடத்துல போற மாதிரி இருக்கும்.

ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் வாசல்ல ஒரு மணி நேரம் நின்னு பாருங்க. எலும்பு முறிவு வார்டுக்குப் போறவங்க எப்படி ரோட்டைக் கடக்காங்கன்னு தெரியும்.

#16 மார்த்தாண்டம் கடை

எங்க கதை வேற. வண்டி நெரிசல் குறையணும்னுதான் மார்த்தாண்டத்துல மேம்பாலம் போட்டாங்க, குறைஞ்சது. முன்னாடி கடை வாசல்ல வண்டி ஊர்ந்து போகும், ஜனங்க வண்டிக்கு நடுவுல புகுந்து போவாங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவாது. இப்போ நேரா திருவனந்தபுரம் போறவன் மேல போயிருகான், கீழ ரோடு காலியாக் கிடக்கிற நேரம் பைக்காரன் பறக்கான். பாலத்துத் தூணுக்க மறைவுல இருந்து ஆள் வெளிய வர்றது அவனுக்குத் தெரியாது. சந்தைக்கு வாழைக்குலை சுமந்து வர்றவருக்கு ஒரு பக்கம் கண்ணே மறைஞ்சிருக்கும். நெரிசலா இருந்தப்போ பயப்பட ஒண்ணுமில்ல, காலியான நேரந்தான் பயம்.

#17 தக்கலை வக்கீல்

சட்டம் பற்றி ரெண்டு விஷயம், ஏன்னா அடிபட்ட பிறகுதான் எல்லாரும் கேக்குறாங்க.

2022-ல நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825, ஐந்தில் ஒருவருக்குச் சற்றே குறைவு. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் தரப்பு முதலில் எடுக்கிற வாதமே "கோட்டில் கடக்கவில்லை, அவர் பக்கமும் அஜாக்கிரதை உண்டு" என்பதுதான். தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால் தொகையில் ஒரு பங்கு பிடித்துவிடுவார்கள். கோடு எவ்வளவு தூரத்தில் இருந்தது, அங்கே விளக்கு இருந்ததா என்று போட்டோவோடு பதிவு செய்தால் வாதாட வழி உண்டு. செய்வோர் குறைவு.

இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டால், அடையாளமே தெரியாவிட்டாலும், இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் மத்திய அரசுத் திட்டத்தில் கிடைக்கும், 2022 ஏப்ரல் முதல். நம் மாநிலத்தில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் உண்டு. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போகிறவரைப் போலீஸ் கேஸில் இழுக்க முடியாது, அதற்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் பாதுகாப்பு உண்டு.

வேணாட்டுப்புலி கேட்ட "யாரு மேல தப்பு"க்கு: அதே 2019 திருத்தத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சாலையை வடிவமைத்தவர், கட்டியவர், பராமரிப்பவர் உரிய தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால் ஒரு லட்சம் வரை அபராதம். தடையில்லாத நடைபாதை வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆகவே ரோட்டின் மேலும் தப்பு சொல்லலாம், சட்டம் அனுமதிக்கிறது.

#18 வேணாட்டுப்புலி

ஒரு லட்சம்தானா? அந்த ரோட்டு வேலையில ஒரு நாள் டிப்பர் வாடகைக்குக் காணாது. 500 ரூபா ஃபைன் கோரிக்கை டிவைடர் குதிக்கிற பையனுக்கு மட்டும்னு மாத்திக்கிடுறேன், வாபஸ் இல்ல.

#19 ரிட்டயர்டு டிரைவர்

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, மார்கழியில சுசீந்திரம் தேர், சபரிமலை சீசன்ல கன்னியாகுமரி. இந்த நாள்ல எல்லாம் போலீஸ் கயிறு பிடிச்சு நிப்பாங்க. ஆயிரக்கணக்குல ஜனம் ஒழுங்கா நின்னு கடக்கும், ஒருத்தனும் குதிக்க மாட்டான். வண்டியை நிறுத்த ஆள் இருந்தா நம்ம ஜனம் நிக்கும். மத்த நாள்ல நின்னா நின்னுக்கிட்டே இருக்க வேண்டியதுதான்னு அதுக்குத் தெரியும்.

#20 கோணம்காரன்

நல்லா போகுது. இதை மனுவா எழுதலாம்னு நினைக்கேன். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல குடுக்கலாம். தலைப்பு "மக்கள் கவனக்குறைவு"ன்னு இருக்கக் கூடாது, "கடக்கும் இடம் தேவை"ன்னு இருக்கணும். என்ன கேக்கணும்? நடை மேம்பாலமா?

#21 சைட் இன்ஜினியர்

மேம்பாலம் கேக்காதீங்க, குடுத்திருவாங்க. அப்புறம் "கட்டிக் குடுத்தும் ஏற மாட்டேங்கிறான்"னு ஃபைல் மூடிரும்.

ஜனங்க ஏற்கனவே கடக்கிற இடத்துலயே வண்டி வேகத்தைக் குறைக்கக் கேளுங்க. ரோட்டையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி அதுமேல கோடு போடுறது ஒரு முறை, வண்டி தானா இறங்கும், ஊன்றுகோல் சாருக்கும் ஏறி இறங்க வேண்டாம். மெயின் நாற்கரச் சாலையில அதை அனுமதிக்கிறது கஷ்டம், சர்வீஸ் ரோட்டுலயும் டவுன்லயும் கேக்கலாம். நாற்கரச் சாலைக்கு மீடியன்ல ஆள் நிக்க அகலமான இடம், அந்த நூறு மீட்டருக்கு அரளியை முட்டளவுக்கு வெட்டணும், மேல உயர விளக்கு, அதுக்கு முன்னாடி வேகம் குறைக்கிற தடுப்பு வரிசை. சப்வே இருக்கிற இடத்துல லைட்டும் தண்ணி வடியுற வழியும். இதெல்லாம் பாலத்தை விட மலிவு.

மனுவுல "எங்க ஊர் பக்கம்"னு எழுதாதீங்க. கிலோமீட்டர் கல் நம்பர் எழுதுங்க, அதுக்கு எத்தனை மீட்டர் தள்ளின்னு எழுதுங்க. காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் எத்தனை பேர் கடக்காங்கன்னு எண்ணி, அதுல வயசானவங்க, பிள்ளைங்க எத்தனைன்னு தனியா. ஒரு நகல் மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு. தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-லயும் புகார் பதிஞ்சு, அந்த நம்பரை மனுவுல எழுதிருங்க.

#22 பள்ளிக்கூட மணி

எண்ணுறதுக்கு எங்க அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்களை விடலாம்னு நினைச்சேன், ரோட்டோரம் நிறுத்த மனசு வரல்ல. பிஜி காலேஜ் பிள்ளைங்க யாராவது வருவாங்களா? என்எஸ்எஸ்ல கேட்டுப் பார்க்கேன்.

#23 வேணாட்டுப்புலி

நான் வாறேன் எண்ண. எதிர்த்திசையில வர்ற பைக்கையும் சேர்த்து எண்ணுவேன்.

#24 மருங்கூர் அக்கா

திங்கக்கிழமை எனக்கு லீவு கிடைக்காது. கையெழுத்து வேணும்னா எங்க ஸ்டாப்புல நிக்கிற எல்லாருட்டயும் வாங்கித் தாறேன், பேப்பரை மட்டும் சாயாக்கடையில குடுத்து வச்சிருங்க. மனுவுல நிழற்குடையும் சேர்த்து எழுதுங்க. எந்தப் பக்கம்னு தெளிவா எழுதணும் கேட்டீங்களா, பஸ் நிக்கிற பக்கம். இல்லன்னா அதையும் கொண்டு புளியமரத்துக்குக் கீழ கட்டிருவாங்க.